சிதறால் மலையின் சமணப் பள்ளி: பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

குமரி மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் பயணத் திட்டத்தில் சிதறால் மலை பெரும்பாலும் கடைசியில்தான் இடம்பெறுகிறது. விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகு பொழுது மிச்சமிருந்தால், மலைமேல் ஏறிக் காற்று வாங்கிவிட்டு இறங்கலாம் என்றே சுற்றுலா வேன்காரர்கள் சொல்கிறார்கள். அதற்கு அரை மணி நேரம் போதும் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வளர்ந்து, சிறுவயது முதல் இம்மலைக்குப் போய்வருகிற எனக்கு அந்த யோசனையை ஏற்க மனம் வரவில்லை. சிதறால், காட்சிக்காக மட்டும் ஏற வேண்டிய மலை அன்று. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்பு சமணத் துறவிகளும், சமணப் பெண் துறவிகளும் தொடர்பு கொண்டிருந்த பள்ளி, அதாவது துறவிகளின் உறைவிடம், அது. அவர்கள் வணங்கிய உருவங்களும், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களும் வெட்டிய இடத்திலேயே, அதே பாறையிலேயே இன்றும் இருக்கின்றன. அந்தப் பாறைச் சுவரை நின்று நிதானித்துப் படிப்பதற்காகவே அங்கே போக வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போய்ச் சேருவதில் சிரமம் இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவு. பஸ் உண்டு என்றாலும், நேரம் பார்த்துக் காத்திருக்க முடியாதவர்கள் மார்த்தாண்டத்தில் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். ரயிலில் வருகிறவர்களுக்குக் குழித்துறை நிலையம் அருகில் இருக்கிறது. திரும்பி வருவதற்கும் அதே ஆட்டோவைப் பேசிவைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மலையடிவாரத்தில் எல்லா நேரத்திலும் வண்டி கிடைக்காது. நான் போனபோதெல்லாம் நுழைவுக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. மாலையில் அடைத்துவிடுவார்கள் என்பதால் அந்தியில் போய் நிற்க வேண்டாம்.

அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பாதை கல் பாவிய பாதை. செங்குத்தான படிக்கட்டு இல்லை; சாய்வாக, வளைந்து வளைந்து ஏறுகிறது. இருபுறமும் கொல்லாமரங்கள் (முந்திரி) நிழல் தருகின்றன, கீழே ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் தெரிகின்றன, இடையிடையே உட்கார்ந்து இளைப்பாற இருக்கைகளும் உண்டு. நடக்கக்கூடிய முதியவர்கள் நின்று நின்று ஏறிவிடலாம். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் மழைக்காலத்தில் இங்கே வரக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் பாசி பிடித்த கல்லில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வழியே இல்லை. அவர்கள் பார்ப்பதற்குக் கீழேயே சிற்பங்களின் பெரிய புகைப்படங்களாவது வைக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

குடிநீர் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மேலே பாறை முழுவதும் அனல் அடிக்கும். வெறுங்காலுடன் நிற்க முடியாது. ஒருமுறை அடிவாரத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, "மேலே பகவதிக்க முன்னே செருப்பைக் கழற்றி வச்சிட்டுக் கேறு மக்களே, பாறை சுடும், வெயிலுக்கு முந்திப் போ" என்றார். எந்தச் சுற்றுலாக் கையேடும் இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக வழி சொல்லி நான் பார்த்ததில்லை. காலையில் திறந்தவுடன் போவதே முறை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாதை முடியும் இடத்தில் இரண்டு பெரும் பாறைகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்க, அவற்றின் நடுவே ஓர் ஆள் ஒடுங்கிச் செல்லும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அதற்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்து, காற்று சட்டென்று குளிர்ந்துவிடுகிறது. இந்த இடுக்கைக் கடந்து சில படிகள் இறங்கினால் சிற்பங்கள் நிறைந்த பாறைச் சுவரின் முன் நிற்போம். கட்டடம் எதையும் எழுப்பாமல், இயற்கை அமைத்த வாசலையே வாசலாகவும், முன்னோக்கிச் சாய்ந்த பாறையையே கூரையாகவும் ஏற்றுக்கொண்டு ஒரு பள்ளியை அமைத்தவர்களின் தேர்வு எத்தகையது என்பது இங்கே வந்து நிற்கும்போதுதான் விளங்குகிறது. சமணத் துறவிகள் ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியவர்கள். மழைக்காலத்தின் நான்கு மாதங்கள் மட்டும், நடந்தால் சிற்றுயிர்கள் மிதிபட்டு மடியும் என்பதற்காக, ஓரிடத்தில் தங்குவார்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இந்த நாட்டில், மழை உள்ளே அடிக்காத ஒரு குகைத்தளமும், அருகிலேயே வற்றாமல் கிடக்கும் ஒரு சுனையும் அவர்களுக்கு எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனிச் சுவர். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

பாறையின் முகப்பில், சமணர் வணங்கும் அருகர்களான தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கால்களை மடித்து, மடியில் கைகளை வைத்து, தலைக்கு மேல் முக்குடையுடன் தனித்தனிச் சிறு மாடத்தில் இருப்பதுபோல் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பலரும் அந்த முதல் பார்வையோடு நகர்ந்துவிடுகிறார்கள். சற்று நின்றால், அந்த அமர்ந்த வரிசைக்கு நடுவில் நின்ற கோலத்தில் இருக்கும் பெரிய உருவங்கள் கண்ணில் படும். தலைக்கு மேல் பல தலை நாகம் படம் விரித்து நிற்க, ஆடையின்றி, அசைவின்றி, கைகள் உடலை ஒட்டித் தொங்க நிற்பவர் பார்சுவநாதர், 23ஆம் தீர்த்தங்கரர். அவர் தவத்தில் இருந்தபோது முற்பிறவிப் பகையால் ஒருவன் பெருமழையையும் கற்களையும் பொழிய, நாகர் தலைவனான தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான் என்பதும், அவன் தேவி பத்மாவதி அருகில் நின்று குடை பிடித்தாள் என்பதும் சமணர் போற்றும் கதை. சோனையாக மழை பெய்யும் மலை நாட்டில், மழையிலிருந்து காக்கும் பாறைக்கு அடியில், இந்தக் கதையைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்து அம்பிகை. 22ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதரின் இயக்கி, அதாவது காவல் தேவி, அவள். இடையைச் சற்றே ஒசித்து நிற்கிறாள், அருகில் சிங்கம், அவளோடு இரு குழந்தைகள். தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய உளி விறைப்பும் ஒழுங்கும் காத்தது. இவளைச் செதுக்கும்போது மட்டும் அது சற்று விடுதலை பெற்றிருக்கிறது. குழந்தைகள் தாயை ஒட்டி நிற்கும் அந்த நெருக்கத்தைப் பார்த்துவிட்டு நம்மூர் இசக்கியம்மன் கோயில் ஒன்றில் கையில் பிள்ளையுடன் இருக்கும் அம்மனைப் பாருங்கள். இரண்டுக்கும் உறவு உண்டு என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நாட்டார் வழிபாட்டில் ஊறிய இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அதைக் கண்ணால் பார்த்தே ஒப்புக்கொள்ளத் தோன்றும்.

உருவங்களுக்குக் கீழே பாறையை மேலும் உற்றுப் பாருங்கள். சிறிய, வளைந்த எழுத்துகள் தெரியும். அவை வட்டெழுத்து. பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் அக்காலத்தில் தமிழ் எழுதப்பட்ட எழுத்து அதுவே. எழுத்துகள் ஆழமாக வெட்டப்படவில்லை. நண்பகல் வெளிச்சத்தில் பாறையின் சொரசொரப்போடு கலந்து மறைந்துவிடும். காலை நேரத்துச் சாய்ந்த ஒளியில், ஒவ்வொரு கீற்றின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழும்போதுதான் வரி வரியாகத் துலங்கும். சீக்கிரம் போகச் சொன்னதன் இரண்டாவது காரணம் இதுதான். வானம் மூடியிருந்தால் ஒரு சிறிய டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். ஒளியை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழும். தயவுசெய்து தொட வேண்டாம், சுண்ணாம்போ பவுடரோ பூசிப் படிக்கவும் வேண்டாம்.

அந்த எழுத்துகள் சொல்வது பெரும்பாலும் ஒரே வகைச் செய்தி: இந்த உருவம் இன்னார் செய்வித்தது. அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் இங்கே இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள ஆனைமலை போன்ற குன்றுகளிலும் தேனிப் பக்கத்து உத்தமபாளையத்திலும் தீர்த்தங்கரர் உருவங்களைச் செய்வித்த அதே அச்சணந்தியின் பெயர், தெற்கே இந்தக் கடைசி மலை வரை வந்திருக்கிறது. நடுநாட்டுத் திருநறுங்கொண்டையின் மேலைப்பள்ளியைச் சேர்ந்த வீரணந்தி அடிகளின் பெயரும் உண்டு. பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலத்தில், வாகனம் ஏறுவதையே நோன்பால் விலக்கிய மனிதர்கள், காலால் நடந்தே இத்தனை தொலைவைக் கடந்து வந்து இந்தச் சுவரின் முன் நின்றிருக்கிறார்கள். மார்த்தாண்டத்திலிருந்து மேட்டில் ஏறவே மூச்சு வாங்கும் நமக்கு இது எளிதில் பிடிபடும் செய்தி அன்று.

என்னை இந்த மலைக்குத் திரும்பத் திரும்ப அழைத்து வருவது வேறொரு கல்வெட்டு. இந்தப் பகுதியை உள்ளடக்கிய ஆய் நாட்டை 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சி ஆண்டில் பொறிக்கப்பட்டது அது. பேராயக்குடி அரிட்டநேமி படாரர் என்ற ஆசிரியரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் (குரத்தி என்றால் பெண் குரு), திருச்சாரணத்து மலைப் படாரியார் என்ற தேவிக்குப் பொன் அணிகள் கொடுத்ததை அது பதிவு செய்கிறது. திருச்சாரணத்து மலை என்பதே இந்தக் குன்றின் பழம்பெயர். சாரணர் என்ற துறவிகள் தங்கியதால் வந்தது. இந்தச் சிறிய பதிவில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஆண் ஆசிரியரிடம் ஒரு பெண் மாணவியாக இருந்து கற்றிருக்கிறாள். கற்றுத் தேர்ந்து தானும் ஆசிரியை என்ற மதிப்பைப் பெற்றிருக்கிறாள். அவள் பெயரை அரசனின் ஆட்சி ஆண்டுடன் சேர்த்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இது தனியொரு நிகழ்ச்சி என்றும் ஒதுக்க முடியாது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலையில் ஏறத்தாழ 100 சிறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் திருச்சாரணத்துக் குரத்திகள் பேசப்படுகிறார்கள். அதாவது இந்த மலையின் பெண் ஆசிரியை, மலைகளைத் தாண்டிப் பாண்டிய நாட்டின் நடுப்பகுதி வரை தன் ஊர்ப் பெயரால் அறியப்பட்டிருக்கிறார்.

இதே மாவட்டத்தில், ஏறத்தாழ இதே காலத்தில், வேறொரு கல்வி நிலையமும் இருந்தது. முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் விண்ணகரம் (திருமால் கோயில்) ஒன்றை எழுப்பி, 95 சட்டர்கள் (மாணவர்கள்) தங்கிப் படிக்கும் சாலையையும் நிறுவினான். அதன் விதிமுறைகள் செப்பேட்டில் விரிவாக உள்ளன. அந்தச் சாலை வேதம் கற்ற ஆண்களுக்கானது. இரண்டு தலைமுறைக்குள், அதே அரச மரபின் ஆட்சியில், ஒரு பெண் ஆசிரியையின் கொடை சிதறாலில் பொறிக்கப்படுகிறது. இதே போன்ற இன்னொரு பழைய கல்வி நிலையமான காந்தளூர்ச் சாலையைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படும் அளவில் நூறில் ஒரு பங்குகூடக் குணந்தாங்கிக் குரத்திகளைப் பற்றிப் பேசப்படவில்லை. நம் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

சுவரைக் கடந்து உள்ளே போனால் குகைக் கோயில். முன்னால் கல்தூண்கள் தாங்கும் மண்டபம். அதன் பின்னால் பாறைக்கு அடியில் மூன்று கருவறைகள். மகாவீரர், பார்சுவநாதர், தேவி என்று மூவருக்கும் உரியவை. பலிபீடமும் மடைப்பள்ளியும் பின்னாளில் கோயிலாக வளர்ந்ததைக் காட்டுகின்றன. 13ஆம் நூற்றாண்டளவில் இது பகவதி கோயிலாக மாறிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊர் மக்கள் இன்றும் மலைக்கோயில் என்றும் பகவதி என்றும்தான் சொல்கிறார்கள், அப்படியே வணங்குகிறார்கள். இந்த மாற்றத்தைப் பற்றிக் கோபமாகப் பேசுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எனக்கு அந்தக் கோபம் இல்லை. துறவிகள் போய்விட்ட பிறகு இந்தக் குகையை யாரும் தமதாக நினைக்காமல் விட்டிருந்தால், கல் உடைப்பவர்களின் கைக்கு இந்தப் பாறையும் போயிருக்கும். மேற்கு மாவட்டத்தில் எத்தனை பாறைகள் காணாமல் போயின என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். தெய்வம் குடியிருக்கும் மலை என்ற அச்சமும் அன்பும்தான் இதைக் காத்தன. தீர்த்தங்கரரும் பகவதியும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

குகையின் மேலுள்ள பாறையில் செங்கல்லாலும் சுதையாலும் கட்டப்பட்ட சிறிய விமானம் ஒன்று சிதைந்த நிலையில் நிற்கிறது. கீழே பாறைப் பள்ளத்தில் சுனை. மேலே ஏறி நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலையும், தென்னைக்கு நடுவே வளைந்தோடும் ஆறும், பச்சை விட்டு விலகாத ஊர்களும் தெரியும். காட்சி அழகானதுதான், மறுக்கவில்லை. அதைப் பற்றிப் படங்களோடு எழுதப்பட்டவை ஏராளம் இருப்பதால் நான் விரித்துச் சொல்லவில்லை. மழை நாட்களில் பாறை விளிம்புக்குப் போக வேண்டாம். தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை, செல்பி எடுக்கிறவர்கள் நிற்கும் இடங்களைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

பராமரிப்பைப் பொறுத்தவரை நல்லதும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. பாதை துப்புரவாக இருக்கிறது, சிற்பங்களின் மேல் சாயமோ சிமென்டோ பூசப்படவில்லை, நினைவுச் சின்னத்துக்கு அருகில் கடைகள் முளைக்கவில்லை. இவை சிறிய செய்திகள் அல்ல. நம் ஊர்ப் பழங்கோயில்கள் பலவற்றில் மணல்வீச்சு இயந்திரமும் எனாமல் சாயமும் செய்த கேட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறை என்னவென்றால், சுவரின் முன் நிற்கிறவருக்கு அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல அங்கே போதிய ஏற்பாடு இல்லை. இடத்தின் பெயரும் காலமும் தெரிந்துவிட்டால் போதாது. எந்த உருவம் யாருடையது, எந்த வரியில் எந்தப் பெயர் இருக்கிறது, அந்த வரியை இன்றைய எழுத்தில் எப்படிப் படிப்பது என்பதைச் சுவரைத் தொடாமல், சற்று விலகி நிற்கும் தாழ்வான பலகைகளில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைத்தால், இங்கு வருகிற ஒவ்வொருவரும் சற்று நேரமேனும் கூடுதலாக நிற்பார்கள். புதிதாக ஆராய வேண்டிய தேவைகூட இல்லை. திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறையில் பணிபுரிந்த டி. ஏ. கோபிநாத ராவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தக் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்டுவிட்டார். படித்து வைத்ததைப் பார்க்கிறவன் கண்ணுக்கு எட்டும்படி செய்வது மட்டுமே மிச்சமிருக்கும் வேலை.

பார்வையாளர்களின் நடத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை பெரிய குழுவாக மாணவர்களை அழைத்து வந்திருந்தார்கள். சுவரின் முன் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள், மேலே ஓட விட்டார்கள், விசில் ஊதி இறக்கிவிட்டார்கள். அந்த உருவங்கள் யாருடையவை என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சிறுமி மட்டும் பின்தங்கி நின்று, நாகப்படத்தின் தலைகளை விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். அவளையும் பெயர் சொல்லி விரட்டி அழைத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, முந்தைய நாள் வகுப்பில் கால் மணி நேரம் இதைப் பற்றிப் பேசிவிட்டு அழைத்து வாருங்கள் என்பதே. பாறைகளில் ஆணியால் கீறி எழுதப்பட்ட காதலர் பெயர்களும் கண்ணில் படுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெயர்களுக்குப் பக்கத்தில் அவற்றைப் பார்க்கும்போது வருகிற வருத்தம் எளிதில் ஆறுவதில்லை.

பத்மநாபபுரம் அரண்மனையோடு இந்த இடத்தை ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அரண்மனை, முறைப்படி நடத்தப்படும் அருங்காட்சியகம். கேரள அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, டிக்கெட் உண்டு, அறைக்கு அறை விளக்கிச் சொல்ல ஆட்கள் உண்டு, வளாகத்திலுள்ள காட்சிக்கூடத்தில் பழைய கற்சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் வைத்திருக்கிறார்கள். அங்கே பார்க்கிறவர் எதையும் தேட வேண்டியதில்லை. சிதறாலில் எல்லாவற்றையும் நாமே தேடிக் காண வேண்டும். ஆனால் காட்சிக்கூடத்துக் கல்லிடம் இல்லாத ஒன்று இங்குள்ள கல்லிடம் இருக்கிறது. அது தன் சுனையையும், தன் குகையையும், தன்னை நோக்கி ஏறிவந்த வழியையும் இன்னும் இழக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் காலையில் சிதறாலையும் பிற்பகலில் அரண்மனையையும் வைத்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.

சிதறாலைப் பார்த்த பிறகு ஆர்வம் அடங்காதவர்கள் திருநந்திக்கரைக் குடைவரைக்குப் போகலாம்; பழைய சுவரோவியங்களின் சுவடுகள் அங்கே உண்டு. அதைவிட முக்கியமாக நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போங்கள். ஊருக்கே பெயர் கொடுத்த அந்தக் கோயிலின் தூண்களில் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் கமலவாகன பண்டிதர், குணவீர பண்டிதர் என்ற சமணர்களின் பெயர்கள் வருகின்றன. ஆய் மன்னர்கள் மறைந்து, சோழர் வந்து போய், வேணாட்டு அரசர்கள் ஆண்ட காலத்திலும் இந்த மண்ணில் சமணம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு அவை சான்று. பால் வாங்கி நாகருக்கு ஊற்றிவிட்டு வருகிற நம்மில் பலர் அந்தத் தூண்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

உணவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மலையடிவாரத்தில் சர்பத், மோர், இளநீர் கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. மார்த்தாண்டத்தில் காலை உணவை முடித்துக்கொண்டு, வழியில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டால் போதும். தோலை மேலே போடாதீர்கள்; குரங்கு வந்தாலும் வராவிட்டாலும் குப்பை குப்பைதான்.

யாருக்கு இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன் என்றால், வரலாற்றில் சிறிதளவேனும் ஈடுபாடு உள்ள எல்லோருக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு. வட்டெழுத்தைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த தமிழ் மாணவர்களுக்குக் கட்டாயமாக. விளையாட்டு ஏற்பாடும் சாப்பாட்டுக் கடையும் எதிர்பார்ப்பவர்கள் திற்பரப்போடு நின்றுகொள்ளலாம், அவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை மழை விட்டு வெயில் கடுமையாகாத நாட்கள் மிகவும் ஏற்றவை. சனி, ஞாயிறு மாலைகளில் கூட்டம் சேரும். வார நாளின் காலையில் சுவரின் முன் நீங்கள் மட்டும் நிற்க வாய்ப்பு அதிகம். புறப்படும் முன் வட்டெழுத்தின் எழுத்து அட்டவணை ஒன்றைத் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் செல்பேசி இணைப்பை நம்ப வேண்டாம். முதலில் 'ச', 'ந', 'ண' ஆகிய மூன்று எழுத்துகளை மட்டும் அட்டவணையில் நன்றாகப் பார்த்துப் பழகிவிட்டுப் போனால், அச்சணந்தியின் பெயரை உங்கள் கண்ணாலேயே அந்தச் சுவரில் தேடத் தொடங்கலாம்.